சீஹோர் மண்டியில் ஒரு லாரி கோதுமை வாங்குவது எப்படி

சக்கி மில் வைத்திருப்பவர்கள், சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து மாவு பாக்கெட் போடுகிறவர்கள், சிறிய அங்காடி நடத்துகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கோதுமையை மத்தியப் பிரதேசத்திலேயே நேராக வாங்க முடியுமா? முடியும். சேலத்தில் எங்கள் மாவு மில்லுக்கு அப்படித்தான் வாங்குகிறோம். அண்ணன் கணக்கையும் இயந்திரங்களையும் பார்த்துக்கொள்கிறார், கொள்முதல் என் வேலை.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தரகர் கூரியரில் அனுப்பும் அரைக் கிலோ சாம்பிளைப் பார்த்து ஒரு லாரிக்குப் பணம் கட்டாதீர்கள். மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் விவசாயி டிராக்டரில் இழுத்து வரும் டிராலியின் பக்கத்தில் நின்று வாங்குங்கள். ரகம் எது, எந்த வயலில் விளைந்தது, மழையில் நனைந்ததா என்பதெல்லாம் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். வியாபாரியின் குடோனுக்குள் கொட்டிய பிறகு பத்து வயல் கோதுமை ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்காது.

சீஹோர், போபாலிலிருந்து இந்தூர் போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. அதே சாலையில் இன்னும் மேற்கே போனால் ஆஷ்டா. இரண்டுமே கோதுமைக்குப் பேர்போன மண்டிகள். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ ஏறினால் போபாலில் இறங்கிக்கொள்ளலாம். மண்டிக்குப் போவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய் வாருங்கள். வயலைப் பார்த்தவர் மண்டியில் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

வயலில் என்ன பார்க்க வேண்டும்?

அந்தப் பக்கமெல்லாம் நம் கோவில்பட்டிக் கரிசலைப் போன்ற கறுப்பு மண். மழைக்காலத்தில் சோயா போடுகிறார்கள். அதை அறுத்த கையோடு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் கோதுமை விதைப்பு. சிறு விவசாயிக்குத் தண்ணீர் பெரும்பாலும் போர்வெல்லில்தான், சில ஊர்களில் வாய்க்கால் உண்டு. விதைத்து மூன்று வாரத்தில் முதல் தண்ணீர் காட்டியே ஆகவேண்டும், தவறினால் தூர் கட்டாது. அப்புறம் மண்ணையும் ரகத்தையும் பொறுத்து மூன்றோ நான்கோ தண்ணீர். விவசாயத்துக்கான மின்சாரம் இரவில் வரும் நாட்களில், ஜனவரிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ராத்திரி முழுக்க மடை திருப்புகிறார்கள். குவிண்டாலுக்குப் பத்து ரூபாய் குறைக்க வாய் திறக்கும்போது எனக்கு அந்த இரவு ஞாபகம் வரும்.

விவசாயியிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். என்ன ரகம்? எத்தனை தண்ணீர் காட்டினீர்கள்? கடைசித் தண்ணீர் எந்தப் பருவத்தில்? மணி பால் பிடித்து இறுகும்வரை தண்ணீர் வேண்டும். அதற்கு மேலும் பாய்ச்சினால் பயிர் சாய்ந்துவிடும், மணியின் பளபளப்பும் போய்விடும். அந்தப் பளபளப்பை அங்கே 'சமக்' என்கிறார்கள், ஏலத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் அதை வைத்துத்தான். மார்ச்சில் அறுவடை நேரத்தில் மழையோ ஆலங்கட்டியோ விழுந்தால் ஒரே இரவில் சமக் போய்விடும். அப்படிப்பட்ட கோதுமை கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. முளை விடாமல் இருந்தால் மாவு நன்றாகவே வரும், விலையும் குறைவு. கடையில் முழு மணியாக விற்பவருக்குத்தான் பளபளப்பு தேவை, மாவு அரைப்பவருக்கு அவ்வளவாக இல்லை.

ரகத்தைப் பற்றி நம் ஊரில் நிறையக் குழப்பம் இருக்கிறது. 'எம்.பி. சர்பதி', அதாவது மத்தியப் பிரதேசச் சர்பதி, என்று சாக்கில் அச்சடித்து வருவதெல்லாம் சர்பதி இல்லை. பாரம்பரியமாகச் சர்பதி என்று அழைக்கப்படுவது சி-306 ரகம். உயரமாக வளரும், அதனால் அதிகத் தண்ணீரும் உரமும் கொடுத்தால் சாய்ந்துவிடும். ஒன்றிரண்டு தண்ணீரிலேயே விளைவதால் மகசூல் குறைவு, விலை அதிகம். இந்தச் சர்பதி கோதுமைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல். போர்வெல் வசதி இருக்கிற சிறு விவசாயி பெரும்பாலும் அதைப் போடுவதில்லை. குஜராத்தின் லோக்பாரதியில் உருவான லோக்-1, அதாவது எல்லோரும் 'லோக்வன்' என்று சொல்வது, அல்லது இந்தூர் ஆராய்ச்சி நிலையத்தின் எச்.ஐ. வரிசை ரகங்கள், இவற்றைத்தான் போடுகிறார்கள். சப்பாத்தி மாவுக்கு லோக்வன் தாராளமாகப் போதும். எங்கள் மில்லில் அதிகம் ஓடுவது அதுதான். ரவைக்கும் சேமியாவுக்கும் வாங்குகிறவர்கள் 'கட்டியா' என்று கேளுங்கள். அது டியூரம் கோதுமை, மணி பெரிதாக, கண்ணாடி போல் இருக்கும். அதில் வெள்ளைத் திட்டு அதிகம் தெரிந்தால் பயிருக்குத் தழைச்சத்து பற்றவில்லை என்று பொருள், ரவை குறைவாக விழும்.

இங்கே ஒரு செய்தி. கோதுமை நமக்குச் சம்பந்தமில்லாத பயிர் என்று நினைக்க வேண்டாம். கோதுமையைத் தாக்கும் கருந்துரு நோய் வெயில் காலத்தில் தாக்குப்பிடிப்பது நம் நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில்தான். அங்கிருந்து காற்றோடும் மழையோடும் அதன் வித்துகள் மத்திய இந்தியாவுக்குப் போகின்றன. அதனால்தான் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் கோதுமைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சீஹோர் வயலில் துரு தாக்காத ஒரு ரகம் நின்றால் அதில் நம் மலையில் நடந்த வேலைக்கும் பங்கு உண்டு.

எப்போது போவது?

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள். அதற்கு முன்னால் வருகிற கோதுமையில் ஈரம் அதிகம், விலையும் நிலையாக இருக்காது. நாள்காட்டியைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். ஹோலிக்கு மட்டுமல்ல, ஐந்து நாள் கழித்து வரும் ரங்கபஞ்சமிக்கும் மால்வா என்னும் இந்தப் பகுதியில் மண்டி மூடியிருக்கும். மார்ச் கடைசியில் வருடக் கணக்கு முடிப்பதற்காகப் பல மண்டிகள் சில நாட்கள் தொடர்ந்து இயங்காது. திறந்த முதல் நாள் டிராலிகள் சாலைவரை நிற்கும். அன்று கூட்டம் அதிகம், நின்று பார்த்து வாங்க நேரம் கிடைக்காது. இரண்டு நாள் தள்ளிப் போங்கள்.

அறுவடை பெரும்பாலும் கம்பைன் இயந்திரத்தில்தான். பஞ்சாபில் ஏப்ரலில்தான் கோதுமை முற்றும் என்பதால், அங்கிருந்து கம்பைன்கள் மார்ச்சிலேயே இங்கே வந்து ஊர் ஊராக அறுத்துக்கொண்டு திரும்பும். ஒரு வயலை முடித்த இயந்திரம் சுத்தம் செய்யாமல் அடுத்த வயலில் இறங்கினால் ரகம் கலக்கும். உடைந்த மணியும் அதிகம் விழும். அதேபோல், சொந்த டிராக்டர் இல்லாத இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே டிராலியில் வாடகை பேசி ஏற்றி வருவதும் உண்டு. அதில் தவறொன்றும் இல்லை, வாடகை மிச்சம். ஆனால் நடுவில் சாக்கு விரித்துப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிரிக்காமல் இருந்தால் அந்த டிராலியைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அரசுக் கொள்முதல் தொடங்கியதும் மண்டி விலைக்கு ஒரு அடித்தளம் கிடைத்துவிடும். 2025-ல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய், மாநிலம் 175 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,600 ஆக்கியது. விவசாயி மாநில அரசின் கொள்முதல் இணையதளமான இ-உபார்ஜனில் பதிவு செய்து, தேதி குறித்துக்கொண்டு கொடுத்தால் பணம் வங்கிக்கு வரும். விலை நல்ல விலைதான், ஆனால் சில நாள் காத்திருக்க வேண்டும். கூட்டுறவுக் கடன் தவணையோ கல்யாணச் செலவோ காத்திருக்கும் சிறு விவசாயி இரண்டு ரூபாய் குறைந்தாலும் மண்டிக்குத்தான் வருவார், அங்கே அன்றே பணம். பெரிய பண்ணைக்காரர்கள் தீபாவளிவரை வைத்திருந்து விற்பார்கள். ஆகவே ஏப்ரல் மண்டியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சின்னக் கைகள் விளைவித்த கோதுமை.

ஏலம் நடக்கும் விதம்

மண்டியில் நேரடியாக ஏலம் கேட்க உரிமம் வேண்டும். நமக்கு அது இருக்காது, எனவே உரிமம் உள்ள ஒரு வியாபாரி மூலம்தான் வாங்க முடியும். அவருக்குக் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்ளுங்கள். பேசும்போதே இரண்டு நிபந்தனை போடுங்கள். ஏலத்தில் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும், உங்கள் கோதுமையை அவருடைய பழைய சரக்கோடு கலக்கக் கூடாது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் ஒத்துக்கொள்கிறவரே நமக்கு ஏற்றவர்.

விவசாயி வாசலில் நுழைவுச் சீட்டு வாங்கி, டிராலியை வரிசையில் நிறுத்துவார். பலர் முந்தின இரவே வந்து டிராலி மேலேயே படுத்துக்கொள்வார்கள். காலையில் மண்டி ஊழியர் வரிசையின் தொடக்கத்திலிருந்து ஏலத்தை ஆரம்பிப்பார். வியாபாரிகள் கூட்டமாக ஒவ்வொரு டிராலியாக நகர்வார்கள். சக்கரத்தில் கால் வைத்து ஏறி, முழங்கைவரை குவியலுக்குள் விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்து விலை சொல்வார்கள். ஐந்து, பத்து என்று ஏறி, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பருவத்தின் உழைப்புக்கு விலை வைக்க அவ்வளவுதான் நேரம்.

அதனால் நீங்கள் ஏலத்துக்கு முன்பே வரிசையில் நடந்து பார்த்துவிட வேண்டும். ஈரப்பதம் பார்க்கும் கருவி, குத்தூசி, வெள்ளைத் துணி, சின்னச் சல்லடை ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். குத்தூசியை டிராலியின் நான்கு மூலையிலும் நடுவிலும் அடிவரை விட்டு எடுங்கள். மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருப்பது சாதாரணம். எடுத்ததைத் துணியில் பரப்பினால் சுருங்கிய மணி, உடைசல், மண், வேறு தானியம் எல்லாம் தெரிந்துவிடும். அரசுக் கொள்முதல் விதியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: ஈரம் 12 சதவீதம்வரை, அதிகபட்சம் 14. வேற்றுப் பொருள் 0.75 சதவீதத்துக்குள், சுருங்கியதும் உடைந்ததும் 6 சதவீதத்துக்குள். ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள், 'டக்' என்று உடைந்தால் காய்ந்தது, பல்லில் நசுங்கினால் ஈரம்.

ஈரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நாம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிவிடக் கூடாது. 14 சதவீத ஈரத்தில் வாங்கிய 100 கிலோ, நம் குடோனில் 11 சதவீதத்துக்குக் காய்ந்தால் 96.6 கிலோதான். 25 டன் லாரியில் அது 840 கிலோ குறைவு. குவிண்டால் 2,700 என்று வைத்தால் 22,000 ரூபாய்க்கு மேல். இதைவிட முக்கியம், ஈரக் கோதுமையை அடுக்கினால் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும்.

அதற்காக விவசாயியின் முன்னால் அவர் சரக்கைக் குறை சொல்லி விலையை இறக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு பெரியவரின் டிராலியில் 13 சதவீதம் காட்டியது. "காகா, நாளைக்கு ஒரு நாள் காயவைத்துக் கொண்டுவாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்" என்றேன். "களம் எங்கே இருக்கு பேட்டா, ரோட்டில்தான் கொட்டணும்" என்றார். மண்டிக் கொட்டகையின் ஒரு மூலையிலேயே தார்ப்பாய் விரித்து அன்று பகல் முழுக்கக் காயவைத்தோம். இன்றுவரை அவர் வீட்டுக் கோதுமை எங்களுக்குத்தான் வருகிறது.

ஏலம் படிந்ததும் ஊழியர் ஒப்பந்தச் சீட்டு எழுதுவார். விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி மறுக்கலாம், அது அவர் உரிமை. பிறகு எடைமேடையில் டிராலியோடு ஒரு எடை, கொட்டிய பின் வெறும் டிராலிக்கு ஒரு எடை. சுமைக்காரர்கள் இறக்கிச் சாக்கில் பிடிப்பார்கள். இங்கே கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். ஏலத்தில் ஒரு விலை சொல்லிவிட்டு, கொட்டும்போது "உள்ளே சரக்கு வேற மாதிரி இருக்கு" என்று குவிண்டாலுக்கு முப்பது நாற்பது வெட்டுகிறவர்கள் உண்டு. டிராலியைக் கவிழ்த்த பிறகு விவசாயி என்ன செய்வார், மறுபடி அள்ளிக்கொண்டு போவாரா? எனக்காக ஏலம் கேட்ட ஒருவர் இப்படிச் செய்தபோது அன்றோடு அவரிடம் வாங்குவதை நிறுத்தினேன். உங்கள் பெயரால் அப்படி ஒரு வெட்டு நடக்க விடாதீர்கள். குத்தூசி அடிவரை போயிருந்தால் கொட்டும்போது ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது.

பணம் அன்றே போய்ச் சேர வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் 1972-ஆம் ஆண்டு மண்டிச் சட்டமே அதைச் சொல்கிறது. தாமதமானால் நாளுக்கு ஒரு சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பஞ்சாப், ஹரியானா போல் இங்கே விவசாயிக்கும் பணத்துக்கும் நடுவில் ஆடத்தி என்னும் கமிஷன் தரகர் கிடையாது. ஆகவே நீங்கள் வியாபாரியின் கணக்குக்குப் பணத்தை முந்தின நாளே போட்டுவிடுங்கள். பணப் பட்டுவாடாச் சீட்டின் நகலை ஒவ்வொரு டிராலிக்கும் கேட்டு வாங்கினால், விவசாயிக்கு முழுத் தொகை போனது உங்களுக்கும் தெரியும்.

கிராமத்தில் ஏற்கனவே பழக்கம் உண்டாகிவிட்டால் மண்டிக்கே வராமலும் வாங்கலாம். 'சௌதா பத்ரக்' என்ற ஒப்பந்த முறையில் உரிமம் உள்ள வியாபாரி விவசாயி வீட்டிலேயே விலை பேசி, மண்டியில் பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம். டிராலி வாடகையும் ஓர் இரவுக் காத்திருப்பும் அவருக்கு மிச்சம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ரகமாக ஒரு லாரி கொடுக்க முடிந்தால் இதுதான் சிறந்த வழி. விவசாயி உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிற ஊர் என்றால் இன்னும் சுலபம்.

கணக்கும் லாரியும்

ஏல விலையை மட்டும் வைத்து மாவுக்கு விலை போடாதீர்கள். மண்டிக் கட்டணம், ஏற்று இறக்குக் கூலி, குவிண்டாலுக்கு இரண்டு 50 கிலோ சாக்கு, வியாபாரியின் கூலி, லாரி வாடகை, சுத்தம் செய்வதில் போகும் கழிவு எல்லாம் சேர வேண்டும். 2,700-க்கு வாங்கியதில் இரண்டு சதவீதம் கழிவு போனால் அடக்கம் 2,755 ஆகிவிடும், வாடகை சேர்ப்பதற்கு முன்பே. மண்டிக் கட்டணச் சதவீதம் அவ்வப்போது மாறுவதால் அந்த வாரத்து ரசீதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு சக்கர லாரி சுமார் 25 டன் ஏற்றும். தனியாக முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு லாரி எடுங்கள், ஆளுக்கொரு நிற நூலில் சாக்கைத் தைத்துக்கொண்டால் இறக்கும்போது குழப்பம் வராது. போபால், பேதுல், நாக்பூர் வழியாக வந்து, பிறகு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஹைதராபாத், கர்னூல், பெங்களூரு, கிருஷ்ணகிரி என்று சேலம் வந்து சேர நான்கைந்து நாள் ஆகும். மண்டியின் வெளியேற்ற அனுமதிச் சீட்டு (அங்கே 'அனுக்ஞா'), வியாபாரியின் பில், பில்டி (லாரிக்காரர் தரும் சரக்கு ரசீது), எடைமேடைச் சீட்டு நான்கும் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும், நான்கின் படமும் உங்கள் போனில். ஏப்ரலில் கோடை மழை உண்டு, இரட்டைத் தார்ப்பாய் கட்டச் சொல்லுங்கள். வாடகையில் ஒரு பகுதியை இறக்கி எடை பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

இங்கே வந்ததும்

இறக்குவதற்கு முன் உங்கள் ஊர் எடைமேடையில் ஒருமுறை எடை. தரையில் நேராக அடுக்காமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். ஒவ்வொரு டிராலிச் சரக்கிலும் ஒரு கிலோ எடுத்து, விவசாயி பெயர், ஊர், ரகம் எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். அதில் கொஞ்சம் அரைத்துச் சப்பாத்தி சுட்டுப் பார்ப்பதோடு, மாவைப் பிசைந்து ஊறவைத்துத் தண்ணீரில் கசக்கிக் கழுவியும் பாருங்கள். மாவுச்சத்து கரைந்து போனபின் கையில் மிஞ்சும் பசை இழுத்தால் நீள வேண்டும், விட்டால் சுருங்க வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தச் சரக்கைத் தனியாக அரைக்காமல் நல்லதோடு கலந்து பயன்படுத்துங்கள்.

ஆடி, ஆவணிக்குள் வண்டு வரும். சாக்கை விரித்து வாரம் ஒருமுறை பாருங்கள். நச்சுப்புகை போடவேண்டி வந்தால் அதற்குப் பயிற்சியும் உரிமமும் உள்ளவரைக் கூப்பிடுங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டோடு சேர்ந்த குடோனில் ஆளாளுக்கு வைப்பது உயிருக்கே ஆபத்து. சிறிய அளவு என்றால் காற்றுப் புகாத உள்ளுறைச் சாக்குகள் போதும். கூடவே, இருப்பு உச்சவரம்பு நடப்பில் இருக்கும் ஆண்டுகளில் அரசுத் தளத்தில் இருப்பைப் பதிய வேண்டும். 2023 ஜூனில் போட்ட உச்சவரம்பைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சிறிய மில் என்று அலட்சியமாக இருக்காமல், உத்தரவு உங்களுக்குப் பொருந்துமா என்று கணக்கரிடம் கேட்டுவிடுங்கள். மாவை 25 கிலோவுக்குள் அச்சிட்ட பாக்கெட்டாக விற்றால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதையும் விலையில் சேருங்கள்.

எந்த விவசாயியின் கோதுமையில் சப்பாத்தி மெதுவாக வந்தது என்பது இரண்டு மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, செப்டம்பர் கடைசியில், சோயா அறுப்பு தொடங்கும் நேரத்தில் போன் பண்ணுங்கள். என்ன ரகம் வேண்டும், எத்தனை குவிண்டால் எடுப்பீர்கள், கம்பைனைச் சுத்தம் செய்து இறக்குவதற்கு எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று அப்போதே சொன்னால்தான் விதை வாங்கும்போது அவர் யோசிப்பார்.